கையொப்பம் சரி, செய்தி சரியா?

சாத்தாரா பக்கமிருந்து புனேக்கு வரும் புறவழிச்சாலை, புதிய கட்ராஜ் சுரங்கத்தைத் தாண்டியதும் இறங்கத் தொடங்குகிறது. நவலே பாலம் வரை சில கிலோமீட்டருக்கு விடாத இறக்கம். சென்னையில் வந்து முடிகிற அதே 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் இது. நாமக்கல், சங்ககிரி லாரிகள் மும்பைக்குப் போகும் வழியும் இதுவே. சரக்கேற்றிய லாரியை இங்கே நியூட்ரலில் போட்டு உருளவிட்டால் டீசல் மிச்சம் என்று நினைக்கும் டிரைவர்கள் உண்டு. கியரை எடுத்துவிட்டால் எஞ்சினின் பிடி போய்விடும். வண்டியின் முழு எடையையும் சக்கரத்து பிரேக்குகளே தாங்க வேண்டும். அவை காய்ந்து சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். எஞ்சினையே அணைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம், ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் நின்றுவிடும். 2022 நவம்பர் 20ஆம் தேதி இரவு இப்படிக் கட்டுப்பாட்டை இழந்த ஒரு கனரக லாரி, நவலே பாலத்தருகே இருபதுக்கும் மேற்பட்ட வாகனங்களை இடித்துத் தள்ளியது. 2025 நவம்பரில் அதே இடத்தில் ஒரு கன்டெய்னர் லாரி மோதியதில் கார் இரு லாரிகளுக்கிடையே நசுங்கித் தீப்பிடித்தது. பலர் உயிரிழந்தார்கள்.

வாகனங்கள் ஒன்றோடொன்று ரேடியோவில் பேசிக்கொள்ள வேண்டும் என்று சொல்பவர்களுக்கு இதைவிட வலுவான வாதம் தேவையில்லை. பிரேக் போன லாரி 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. கீழே நெரிசலில் கார்கள் 20 கிலோமீட்டரில் ஊர்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். 300 மீட்டர் முன்னதாக ‘எனக்கு பிரேக் இல்லை’ என்று லாரி சொல்ல முடிந்தால், கடைசி காருக்கு 18 விநாடி கிடைக்கும். பின்னால் பார்க்காத டிரைவருக்கு இன்று கிடைப்பது சுழியம்.

ஆனால் அந்த 18 விநாடிக்குள் கார் இன்னொரு கேள்விக்கும் பதில் கண்டாக வேண்டும். சொன்னது நிஜமாகவே ஒரு லாரிதானா? லாரிதான் என்றால், சொன்னது உண்மையா? இடப்பக்க ஓரத்தில் ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பொய்யான எச்சரிக்கையை நம்பி கார் சட்டென்று ஓரம் ஒதுங்கினால், நடக்காத விபத்தைத் தவிர்க்கப்போய் நிஜமான விபத்தை உண்டாக்கிவிடும். மலைச்சரிவில் ஒரு மடிக்கணினியோடும் ஆன்டெனாவோடும் உட்கார்ந்திருக்கும் விஷமிக்கு அது போதும்.

நம் நெடுஞ்சாலைகளில் வாகனங்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. எதிரே வரும் லாரி முகப்பு விளக்கை இரண்டு முறை மினுக்கினால், முன்னால் ஆர்டிஓ சோதனை நடக்கிறது, அல்லது ஏதோ விழுந்து கிடக்கிறது என்று பொருள். யார் சொன்னது என்று தெரியாது. கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை. இருந்தும் டிரைவர் நம்புகிறார். பொய் சொல்வதால் எதிரே வருபவருக்கு லாபம் ஒன்றும் இல்லை. நம்பிக் கொஞ்சம் மெதுவாகப் போவதால் இவருக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. மேலும் விளக்கு மினுக்க, அந்த இடத்தில் நிஜமாகவே ஒரு வண்டி இருந்தாக வேண்டும். ரேடியோவுக்கு மாறும்போது இந்த மூன்று காப்புகளும் ஒருசேர உதிர்ந்துவிடுகின்றன. அவற்றுக்கு ஈடு கட்டத்தான் இனிப் பார்க்கப்போகும் கணிதமெல்லாம்.

செய்தி எப்படிப் போகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டி, விநாடிக்குப் பத்து முறை, ஒவ்வொரு வாகனமும் தன் இடம், வேகம், போகும் திசை, பிரேக் நிலை ஆகியவற்றை எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபரப்பும். வைஃபை வம்சத்தில் வந்த ஒரு முறையும் செல்பேசி வம்சத்தில் வந்த இன்னொரு முறையும் இதற்காகப் பல ஆண்டுகள் மல்லுக்கட்டின. அமெரிக்கா 1999இலேயே இதற்கென்று 75 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை ஒதுக்கிவைத்தது. இருபது ஆண்டுகள் அது பெரும்பாலும் சும்மா கிடந்ததால் 2020இல் பாதிக்கு மேல் திரும்ப எடுத்து வைஃபைக்குக் கொடுத்துவிட்டார்கள். எந்த வம்சம் வென்றாலும் நம் கேள்வி மாறாது.

முதல் அரண் மின்கையொப்பம். வாகனத்துக்குள் சேதமில்லாமல் திறக்க முடியாத ஒரு சிறு சில்லு இருக்கும், அதனுள் ரகசியச் சாவி. ஒவ்வொரு செய்தியும் அந்தச் சாவியால் கையொப்பமிடப்பட்டு, ‘இந்தச் சாவி பதிவான வாகனத்துடையது’ என்று ஒரு அதிகார அமைப்பு தந்த சான்றிதழோடு வெளியே போகும். கையொப்பம் 64 பைட் மட்டுமே. நூறு வாகனங்கள் சுற்றி இருந்தால் விநாடிக்கு ஆயிரம் கையொப்பங்களைச் சரிபார்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு நவலே பாலச் சந்திப்பில் நூறோடு நிற்காது என்றாலும், இதற்கெனச் செய்த சில்லுகளால் இது முடிகிற காரியம்தான். மலையில் உட்கார்ந்திருக்கும் விஷமியிடம் சாவி இல்லை. அவர் அனுப்பும் செய்தியைக் கார் வாசலிலேயே தூக்கி எறிந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல். ஒரே சான்றிதழை ஒரு வாகனம் ஆண்டு முழுக்க வைத்திருந்தால், நகரில் பத்து இடங்களில் மலிவான ரேடியோ வாங்கிகளை வைத்தவர் அந்த வாகனம் எப்போது வீட்டிலிருந்து கிளம்பியது, எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றது, யார் வீட்டில் இரவு தங்கியது என்று எல்லாவற்றையும் எழுதிவைத்துவிடலாம். அதனால் அமெரிக்க வடிவமைப்பில் வாகனத்துக்கு வாரம் ஒன்றுக்கு 20 புனைபெயர்ச் சான்றிதழ்கள் தரப்படுகின்றன. மூன்று ஆண்டுக்கானவற்றை முன்கூட்டியே ஏற்றிவைத்தால் மூவாயிரத்துக்கு மேல். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாகனம் பெயரை மாற்றிக்கொள்ளும். முந்தைய பெயரும் புதிய பெயரும் ஒரே வண்டியுடையவை என்று வெளியாளால் சொல்ல முடியாது.

அப்படியானால் பொய் சொல்லும் வாகனத்தை எப்படித் தடுப்பது? ஒரு பெயரைத் தடை செய்தால் அடுத்த பெயரில் வந்து நிற்குமே. இந்தத் துறையில் மனிதர்கள் யோசித்த அழகான தந்திரம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதிகாரத்தை அவர்கள் துண்டு துண்டாக உடைத்தார்கள். வாகனம் யாருடையது என்று தெரிந்த அமைப்புக்கு, அதற்கு எந்தச் சான்றிதழ்கள் போயின என்று தெரியாது. சான்றிதழ்களை அச்சடிக்கும் அமைப்புக்கு அவை யாருக்குப் போயின என்று தெரியாது. எல்லாச் சான்றிதழ்களையும் ஒரே வண்டியோடு இணைக்கக்கூடிய ரகசிய விதை இரண்டு பாதிகளாக்கப்பட்டு, தனித்தனி அமைப்புகள் இரண்டிடம் இருக்கும். வாகனம் பொய் சொல்வது உறுதியானால், விசாரணை அமைப்பு கேட்கும்போது இரண்டும் தத்தம் பாதியைத் தரும். அவற்றைத் தடைப்பட்டியலில் வெளியிட்டால், சாலையிலுள்ள எந்த வாகனமும் கணக்கிட்டு, அந்த வண்டி இனிமேல் பயன்படுத்தப்போகும் எல்லாப் பெயர்களையும் அடையாளம் கண்டு ஒதுக்கிவிடலாம். நேற்றுவரை அது பயன்படுத்திய பெயர்களை மட்டும் அந்த விதையிலிருந்து பின்னோக்கிக் கண்டுபிடிக்க முடியாது. குற்றவாளியின் பழைய பயணங்கள்கூட அந்தரங்கமாகவே இருக்கும். பாதிகளை வைத்திருக்கும் இருவரும் கூட்டுச் சேரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இத்தனையும் நிற்கிறது.

ஒரு வலியைத் தீர்த்த மருந்து இன்னொன்றைக் கிளப்பியது. ஒரே நேரத்தில் 20 செல்லுபடியாகும் பெயர்கள் கையில் இருந்தால், ஒரே வண்டி இருபது வண்டிகளாக நடிக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ஜான் டௌசர் 2002இல் சிபில் தாக்குதல் என்ற பெயரில் விளக்கியது இதைத்தான். அடையாளங்களை வழங்கும் ஒரு மைய அமைப்பு இல்லாத வலைப்பின்னலில் இதை முழுமையாகத் தடுக்க வழியில்லை என்றார் அவர். வாகன வலையில் மைய அமைப்பு இருந்தும், அந்தரங்கத்தைக் காக்க அதுவே பல பெயர்களைக் கொடுத்துவைத்திருக்கிறது. ‘முன்னால் நெரிசல்’ என்று இருபது குரல்கள் கேட்டால் கார் நம்பத்தானே செய்யும்? இதற்குக் கணினி மேதை ஆகவேண்டும் என்பதும் இல்லை. சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 செல்பேசிகளைக் கைவண்டியில் போட்டு பெர்லின் தெருவில் மெதுவாக இழுத்துச் சென்றார். காலியாக இருந்த தெரு கூகுள் வரைபடத்தில் சிவப்பாக மாறியது. அந்த 99 செல்பேசிகளும் அசல், கணக்குகளும் அசல். நெரிசல் மட்டும்தான் இல்லை.

அசல் அடையாளம் பொய் சொல்வதற்கு உதாரணம் இந்தச் சாலையிலேயே உண்டு. மேலே சொன்ன லாரி கட்ராஜ் சுரங்கத்துக்கு முன்னால் கேட் சிவாப்பூர் சுங்கச்சாவடியைத் தாண்டி வந்திருக்கும். இந்தியாவின் மிகப் பெரிய வாகன அடையாள வலை அங்கே தினமும் வேலை செய்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயமான ஃபாஸ்டேக், கண்ணாடியில் ஒட்டிய ஒரு ரேடியோ வில்லை. வில்லையை வங்கி கொடுத்தது, கணக்கில் பணம் இருக்கிறது, எண் பட்டியலில் இருக்கிறது. ஆனால் காருக்கு வாங்கிய வில்லையைக் கையில் பிடித்து லாரிக்குக் காட்டினால், சாவடிக்குக் கிடைப்பது அசல் அடையாளம் சொன்ன பொய். கண்ணாடியில் ஒட்டாத வில்லைகளைத் தடைப்பட்டியலில் சேர்ப்போம் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025 ஜூலையில் அறிவித்தது இந்தத் தொல்லைகளால்தான். வில்லை எந்த வண்டியில் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை வில்லையாலேயே சொல்ல முடியாது. அதற்கு வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும்.

இரண்டாவது அரண் அந்த வெளிக்கண்ணைத் தேடுவதுதான். செய்தியின் உள்ளடக்கம் உலகத்தோடு ஒத்துப்போகிறதா? 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன் என்ற வண்டி, பத்தில் ஒரு விநாடிக்குள் ஐம்பது மீட்டர் நகர்ந்திருந்தால் ஏதோ தவறு. ஒரே இடத்தில் இரண்டு வண்டிகள் இருப்பதாகச் சொன்னால் ஒன்று பொய். எனக்கு முன்னால் இருபது மீட்டரில் இருக்கிறேன் என்று ஒருவர் சொல்கிறார், என் ரேடாருக்கு அங்கே வெறும் காற்று. அவர் குரல் வரும் திசை சொன்ன திசையோடு பொருந்துகிறதா, அலையின் வலிமை சொன்ன தூரத்துக்கு ஏற்றதா என்றும் பார்க்கலாம். இருபது பெயர்களில் பேசினாலும் ஒரே ஆன்டெனாவிலிருந்து வரும் குரல் ஒரே திசையிலிருந்துதான் வரும்.

இப்படிப்பட்ட சோதனைகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொதுத் தரவு வேண்டும். ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட வெரெமி தரவுத்தொகுப்பு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதில் இருப்பவை ஐந்து வகைப் பொய்கள். எப்போதும் ஒரே இடத்தைச் சொல்வது, உண்மை இடத்திலிருந்து நிலையான தூரம் தள்ளிச் சொல்வது, வாய்க்கு வந்த இடத்தைச் சொல்வது, உண்மைக்கு அக்கம்பக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்வது, கொஞ்ச நேரம் ஒழுங்காக நடந்துவிட்டுப் பிறகு நின்றுவிட்டதாக நடிப்பது. கடைசி வகை தந்திரமானது. நின்றுபோன வண்டியும் நின்றதாக நடிக்கும் வண்டியும் எழுத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்தத் தொகுப்பின் வாகனங்கள் கணினிக்குள் ஓடுபவை, அவை ஓடும் ஊர் லக்சம்பர்க். எல்லோரும் தடத்தில் போகிறார்கள், ஒருவழிப் பாதையில் ஒரு வழியாகவே போகிறார்கள். அதில் பயிற்சி பெற்ற ஒரு பொய்கண்டுபிடிப்பானைப் புனே சிங்ஹகட் சாலையில் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டர், நடைபாதையில் ஏறி இறங்கும் பைக், இரண்டு தடங்களுக்கு நடுக்கோட்டில் போகும் ரிக்‌ஷா, ‘யூ டர்ன்’ எடுக்கக் குறுக்கே நிற்கும் டெம்போ என்று ஐந்து நிமிடத்தில் பாதி ஊரைத் தடைப்பட்டியலில் போட்டுவிடும். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. விதியை மீறுகிறார்கள், ஆனால் தாங்கள் இருக்கும் இடத்தை உள்ளபடிதான் சொல்கிறார்கள். சாலை விதியையும் இயற்பியல் விதியையும் போட்டுக் குழப்பிக்கொண்ட ஒரு பொய்கண்டுபிடிப்பான் நம் ஊருக்கு உதவாது. கார் பறக்க முடியாது என்பது எங்கும் செல்லும். கார் நடைபாதையில் இருக்காது என்பது லக்சம்பர்க்கில் மட்டும் செல்லும்.

இன்னொன்று. புனேயில் பதிவான வாகனங்களில் பெரும்பகுதி இருசக்கர வாகனங்கள். அவற்றில் ரேடியோ வருவதற்கு வெகுகாலம் ஆகும். எனவே ‘இங்கே யாரும் பேசவில்லை’ என்பதை ‘இங்கே யாரும் இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும் எந்த மென்பொருளும் ஆபத்தானது. ஒரு வண்டி அசாதாரணமாக வளைந்து நெளிவதாகச் சொன்னால், பேசாத மூன்று ஸ்கூட்டர்களைத் தவிர்க்க அப்படிச் செய்திருக்கலாம்.

நவலே இறக்கத்துக்கு வருவோம். லாரி சுரங்கத்திலிருந்து வெளியே வந்த கணம். உள்ளே செயற்கைக்கோள் சிக்னல் கிடையாது. சக்கரச் சுழற்சியையும் திரும்பும் கோணத்தையும் வைத்து வண்டி தன் இடத்தை ஊகித்துக்கொண்டு வந்திருக்கும். வெளிச்சத்துக்கு வந்து சிக்னல் மீண்டும் கிடைத்ததும் ஊகம் திருத்தப்படும், இடம் பத்துப் பதினைந்து மீட்டர் குதிக்கும். பொய்கண்டுபிடிப்பானுக்கு இது வெரெமியின் பாடப்புத்தகப் பொய்யாகவே தெரியும். அதாவது, எந்த லாரியின் எச்சரிக்கை நமக்கு அதிகம் தேவையோ, அந்த லாரியை நம்பக் கூடாத நேரமாக நம் சோதனை தேர்ந்தெடுப்பது அது இறக்கத்தில் நுழையும் அந்த நேரத்தை. சரிவின் தலையில் சுரங்கம் இருக்கிறது என்று மென்பொருள் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே ‘நம்பு’, ‘நம்பாதே’ என்ற இரட்டை விடை போதாது. ஆடுன் யோசாங் என்ற நார்வே கணினி அறிஞர் வளர்த்தெடுத்த அகநிலைத் தர்க்கம் என்ற கணிதம் இங்கே கைகொடுக்கிறது. ஒரு கூற்றைப் பற்றி மூன்று எண்கள். நம்பிக்கை, அவநம்பிக்கை, தெரியாமை. மூன்றும் சேர்ந்தால் ஒன்று. முன்பின் அறியாத லாரி ‘பிரேக் இல்லை’ என்கிறது. கையொப்பம் சரி, இடம் குதித்தது, ரேடாருக்கு இன்னும் எட்டவில்லை. 0.4, 0.1, 0.5 என்று தொடங்கலாம். சாதாரண நிகழ்தகவில் ‘பாதிக்குப் பாதி’ என்றால், நிறையப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறோமா, ஒன்றும் பார்க்காமல் சொல்கிறோமா என்று தெரியாது. இங்கே தெரியாமைக்குத் தனி இடம் உண்டு. அடுத்தடுத்த செய்திகளில் லாரியின் வேகம் சரிவுக்கு ஏற்ற விதத்தில் கூடிக்கொண்டே வந்தால் தெரியாமை கரைந்து நம்பிக்கையாகும்.

பழைய நடத்தையை வைத்து மதிப்பெண் போடும் முறைகளும் உண்டு. யோசாங்கும் ரோஸ்லான் இஸ்மாயிலும் 2002இல் முன்வைத்த சூத்திரம் எளிது. நல்ல அனுபவங்களோடு ஒன்றைக் கூட்டி, மொத்த அனுபவங்களோடு இரண்டைக் கூட்டியதால் வகுக்க வேண்டும். அனுபவமே இல்லாதவருக்கு அரை மதிப்பெண், எட்டு முறை ஒழுங்காக நடந்தவருக்கு பத்தில் ஒன்பது. இணையக் கடைக்காரர்களை மதிப்பிட இது அருமை. ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு வண்டியை நாம் சந்திப்பது ஒரு நிமிடம், அடுத்த முறை பார்ப்பதற்குள் அது பெயரையும் மாற்றியிருக்கும். நற்பெயர் சேர நேரமே இல்லை. ஆளை எடைபோடுவதை விட்டுச் செய்தியை எடைபோட வேண்டும் என்று 2008இலேயே மாக்சிம் ராயாவும் கூட்டாளிகளும் வாதிட்டார்கள். யார் சொன்னார் என்பதைவிட, எத்தனை தனித்தனிச் சான்றுகள் அந்தச் செய்தியை நோக்கி வருகின்றன என்பதே முக்கியம்.

‘தனித்தனி’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். லாரியின் எச்சரிக்கையைக் கேட்ட ஐந்து கார்கள் அதை முன்னால் இருப்பவர்களுக்குக் கடத்தினால், ஆறாவது காருக்குக் கேட்பது ஐந்து சாட்சிகளின் குரல் போல இருக்கும். கண்ணால் பார்த்த சாட்சி ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். கேட்டதைக் கடத்துகிறேனா, என் கேமராவில் கண்டதைச் சொல்கிறேனா என்பதைச் செய்தியிலேயே குறித்தாக வேண்டும். முன்னதை ஒன்றாகச் சுருக்க வேண்டும், பின்னதைத்தான் கூட்ட வேண்டும். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் இருக்கும் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

எவ்வளவு நம்பிக்கை போதும் என்பது எதைச் செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. ‘பின்னால் பார்’ என்று ஒரு ஒலி எழுப்ப 0.4 போதும். தவறானாலும் டிரைவர் ஒருமுறை கண்ணாடியைப் பார்ப்பார், அவ்வளவுதான். கார் தானாகவே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டுமென்றால் 0.95 இருந்தாலும் தன் சொந்த ரேடாரோ கேமராவோ ஒப்புக்கொள்ளாமல் செய்யக் கூடாது. கேட்டதை வைத்து எச்சரிக்கலாம், கண்டதை வைத்தே செயல்படலாம் என்ற கோட்டைத் தாண்ட எந்த நிறுவனத்துக்கும் இன்றைக்கு அனுமதி தரக் கூடாது என்பது என் கட்சி.

இதுவரை பேசியது அடுத்த வண்டியை நம்புவது பற்றி. உங்கள் வண்டிக்குள்ளேயே ஒருவரையொருவர் கேள்வி கேட்காமல் நம்பும் கூட்டம் ஒன்று இருக்கிறது. பிரேக், எஞ்சின், கதவு, விளக்கு ஆகியவற்றின் சிறு கணினிகளை இணைக்கும் கேன் என்ற கம்பித்தடத்தை பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. அதில் போகும் செய்தியில் அனுப்பியவர் யார் என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. வெளியாள் உள்ளே வர வழியில்லாத காலத்தில் அது தேவைப்படவில்லை. 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் இருவரும் அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியை வீட்டிலிருந்தபடியே செல்பேசி வலை வழியாகப் பிடித்து, பாட்டுப்பெட்டியின் வழியே நுழைந்து, ஓட்டத்தையே அடக்கிக் காட்டினார்கள். 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2022இல் லண்டனில் திருடர்கள் ஒரு டொயோட்டாவின் முகப்பு விளக்கைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த கேன் கம்பியில் ஒரு சிறு கருவியை மாட்டி, ‘சாவி உள்ளே இருக்கிறது’ என்று பொய்ச்செய்தி அனுப்பிக் காரைக் கொண்டுபோனார்கள். அதன் சொந்தக்காரர் வாகனங்களின் கணினிப் பாதுகாப்பை ஆராய்பவர் என்பதால்தான் வழிமுறை வெளியே வந்தது.

இதை வெளியிலுள்ள வலையோடு சேர்த்துப் பார்த்தால் திகில். சில்லுக்குள் இருக்கும் ரகசியச் சாவியைத் திருட யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. லாரியின் உள்வலையில் நுழைந்து பிரேக் அழுத்தமானிக்குப் பதிலாகப் பேசினால் போதும். பொய்யைக் கேட்ட லாரி, அதை உண்மையென்று நம்பி, தன் அசல் கையொப்பத்தைப் போட்டு ஊருக்கெல்லாம் அறிவிக்கும். இந்த ஓட்டையை அடைக்க உள்செய்திகளுக்கும் சிறு முத்திரை போடும் முறைகள் வந்துவிட்டன. 

விதிகளும் வந்துகொண்டிருக்கின்றன. புனேயின் வேதாள் மலைமேல் இருக்கும், 1966இல் தொடங்கிய இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் (ஏஆர்ஏஐ)தான் நாட்டின் வாகனத் தரவிதிகளை வகுக்கும் குழுவுக்குச் செயலகம். உள்ளூர்க்காரர்களுக்கு அந்தக் குன்றே ஏஆர்ஏஐ டேக்டி. வாகனங்களின் கணினிப் பாதுகாப்பு பற்றி ஐ.நா. அமைப்பு 2020இல் ஏற்ற 155ஆம் எண் விதியின் சாயலில் இங்கே ஏஐஎஸ்-189 என்ற தரவிதி எழுதப்பட்டது. காருக்குப் பூட்டு இருக்கிறதா என்று மட்டும் அது பார்ப்பதில்லை. வடிவமைப்பிலிருந்து வண்டி காயலான் கடைக்குப் போகும்வரை ஆபத்துகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு நிறுவனத்திடம் இருக்கிறதா என்று கேட்கிறது. ஐரோப்பாவில் அந்த ஐ.நா. விதியால் போர்ஷே நிறுவனம் பெட்ரோல் மக்கான் காரையே 2024இல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது, பழைய மின்னணு அமைப்பைத் திருத்துவது கட்டுப்படியாகவில்லை. நம் புதிய பேருந்து, டாக்ஸிகளில் 2019 ஜனவரி முதல் இருப்பிடம் காட்டும் கருவியும் அபாயப் பொத்தானும் கட்டாயம் என்ற ஏஐஎஸ்-140 விதியும் உண்டு. கருவி பொருத்தியதற்குச் சான்றிதழ் வாங்குவதோடு கதை முடிந்துவிடாமல், மூன்றாம் ஆண்டிலும் அந்தப் பொத்தானுக்கு மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று கேட்பவர்தான் குறைவு.

இதிலெல்லாம் தீராத ஒன்று, பொய் சொன்ன வண்டியைத் தண்டிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பது. மும்பை-புனே விரைவுச்சாலையில் 2024 முதல் கேமராக்கள் எண் பலகையைப் படித்து வேகத்துக்கு இ-சலான் அனுப்புகின்றன. அதையே காட்டி, இவ்வளவு பார்க்கும்போது ரேடியோவில் மட்டும் புனைபெயர் எதற்கு, ஒரே பெயர் இருந்தால் வேகமாகப் போகிறவரை அங்கேயே பிடித்துவிடலாமே என்று ஒரு கட்சி நிச்சயம் கிளம்பும். கேமராவுக்கு ஒரு இடமும் ஒரு சொந்தக்காரரும் உண்டு. ரேடியோவை வாங்கி வைத்திருக்கும் எவரும் கேட்கலாம், எங்கிருந்தும் கேட்கலாம். அதோடு, ‘நான் 110இல் போகிறேன்’ என்று சொல்வதற்கே சலான் வரும் என்று தெரிந்த கணத்தில் டிரைவர்கள் என்ன செய்வார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். ஆன்டெனாவை அறுத்துவிடும் மெக்கானிக் கட்ராஜிலும் இருப்பார், சங்ககிரியிலும் இருப்பார். வேகத்தை 80 என்று மாற்றிச் சொல்லும் ஒரு சிறு பெட்டி ஆயிரம் ரூபாய்க்கு விற்கும். அப்போது பொய் சொல்பவர்கள் மலையில் உட்கார்ந்திருக்கும் விஷமிகளாக இருக்கமாட்டார்கள். ஊரிலுள்ள சாதாரண வண்டிகள் எல்லாமே பொய் சொல்லும், ஒவ்வொன்றும் அசல் கையொப்பத்தோடு. இரு பாதி ரகசியங்களையும் வைத்திருக்கும் அமைப்புகளில் ஒன்று அபராதம் வசூலிக்கும் துறையிடம் போகக் கூடாது என்று, முதல் ரேடியோ பொருத்தப்படும் முன்பே, சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும்.